பெரியவரின் சம்மதம்

பம்ப் கம்பெனி கேன்டீனில் யாராவது "எங்க பெரியவர்" என்று ஆரம்பித்தால் அது அப்பாவும் இல்லை, மாமனாரும் இல்லை. பேசுகிற ஆளேதான். எழுபத்தைந்து வயதில் அவர் எப்படி இருப்பாரோ, அந்த ஆள்.

"எங்க பெரியவரு புல்லட் வேண்டாம்னுட்டாருங்க," என்று அசெம்பிளி பிரிவு மாதேசு தட்டைத் தள்ளி வைத்தான். "கிழவனுக்கு முட்டி வலியாம். நீ இன்னைக்கு வண்டி ஓட்டறதுக்கு நான் எதுக்கடா அவஸ்தைப்படணும்கறான். என் காசு, என் முட்டி. நடுவுல அவன் யாருங்க?"

"அவன்தான் நீ," என்றான் யுவராஜ்.

"நானா இருந்தா வாங்கிக் குடுத்திருப்பேன்."

மேசையே சிரித்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த திவ்யபாரதி மட்டும் சிரிக்கவில்லை. "ஏனுங்க சார், நாம போடற காசை நாம எடுக்கறதுக்கு அவரு எதுக்குங்க சம்மதம் தரணும்?" என்று கேட்டாள்.

கேட்டது சரியான ஆளிடம். யுவராஜ் தரப் பரிசோதனைப் பிரிவின் மேற்பார்வையாளன். ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், அதை இன்னொருவருக்குச் சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"பங்குச் சந்தையில நம்மளை மாதிரி ஆளுக ரெண்டு தப்புப் பண்ணுவோம்மா. ஏறும்போது எல்லாரும் வாங்கறாங்கன்னு வாங்குவோம். இறங்கும்போது எல்லாரும் விக்கறாங்கன்னு விப்போம். ஒசரத்துல வாங்கிப் பள்ளத்துல வித்தா என்ன மிஞ்சும்?"

"அப்ப நல்ல பங்காப் பாத்து வாங்கணுங்களா?"

"எது நல்ல பங்குன்னு நமக்கு எப்படித் தெரியும்? நாம பம்ப் செய்யறவங்க. பெரிய கம்பெனி அம்பதைச் சேத்து வாங்கற இண்டெக்ஸ் ஃபண்டுல மாசாமாசம் போட்டுட்டு வந்தாப் போதும். ஒண்ணு மூழ்குனாலும் மத்தது இழுத்துட்டுப் போயிரும். மோட்டாரு நல்ல மோட்டாருதான். ஆனா நீ பயந்துட்டு அடிக்கடி சுவிட்சை அணைச்சு அணைச்சுப் போட்டா, மேல டேங்க் நிறையுமா?"

"நிறையாதுங்க."

"அப்ப சுவிட்சுகிட்ட நம்ம கை போகாமப் பாத்துக்க ஒரு ஆளு வேணும். அதுக்குத்தான் பெரியவரு."

அந்த ஆளை உருவாக்குகிற விதம் யுவராஜுக்கு மிகவும் பிடித்தது. 'நாளை நிதி' என்கிற சேமிப்பு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கினால் சில நாட்கள் உட்கார்ந்து பேச வேண்டும். என்ன சாப்பிடுவீர்கள், எதற்குச் செலவு செய்வீர்கள், யாரோடு வாழ்வீர்கள், எதற்குப் பயப்படுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். அந்தப் பதில்களை வைத்துக் கணினி உங்கள் வாழ்க்கையை முன்னோக்கிப் பல்லாயிரம் முறை ஓட்டிப் பார்க்கும். சிலவற்றில் நீங்கள் கோடீஸ்வரர், சிலவற்றில் பிச்சைக்காரர். இரண்டு ஓரங்களையும் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கிற அந்தச் சாதாரணக் கிழவருக்கு உங்கள் குரலைக் கொடுத்து உட்கார வைத்துவிடும். ஜோசியம் இல்லை, சராசரி. ஆனால் அந்தச் சராசரி உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

பிறகு சட்டம் வந்தது. நெடுங்காலச் சேமிப்பில் பாதி இன்றைய உங்களுக்கு, பாதி நாளைய உங்களுக்கு. பிரிக்காத கூட்டுச் சொத்து மாதிரி, நாளைய ஆள் சம்மதிக்காமல் எந்தப் பாதியிலிருந்தும் எடுக்க முடியாது. வருடக்கணக்கில் அடைக்கிற கடன் வாங்குவதற்கும் அதே விதிதான். கடைசித் தவணைகளை அடைக்கப்போகிறவர் அவரல்லவா?

சந்தை தலைகுப்புற விழுந்த வருடத்தில் யுவராஜின் பெரியவர்தான் அவனைக் காப்பாற்றினார். சேமிப்பு பாதியாகச் சுருங்கியபோது, எல்லாவற்றையும் விற்றுவிடச் சம்மதம் கேட்டு அவன் அழைத்தான். "யுவா, நான் அந்தப் பக்கம் உக்காந்துதான் பேசறேன். இன்னும் சோறு சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன். விக்காதே," என்றார் அவர். விற்கவில்லை. மூன்றாவது வருடம் போனது எல்லாம் திரும்பி வந்து, மேலும் ஏறியது. அந்த நம்பிக்கையில்தான், அவசரத்துக்கு என்று வங்கியில் தனியாக வைத்திருந்த பணத்தையும் அவர் சொன்னபடி எடுத்து ஃபண்டில் போட்டான். "சும்மா கிடக்கற காசு விலைவாசியில கரையும்," என்றார். அதுவும் சரியான கணக்குதான்.

சரியில்லாமல் போனது மனைவி சுகந்தியின் இதய வால்வு.

மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு துணி காயப்போட்டாலே வாங்கியது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அப்போதே வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்றார் டாக்டர். மாற்றியாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. முன்பே இருந்த நோய் என்று காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்தது. இலவசத் திட்டத்துக்கு யுவராஜின் சம்பளம் அதிகம். கடன் கேட்ட இடத்தில் பெரியவரின் சம்மதம் கேட்டார்கள். ஆக, எந்தப் பக்கம் போனாலும் வழி ஒரே கதவில்தான் முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அழைத்தான். சுகந்தி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"முடியாது யுவா," என்றார் பெரியவர்.

"இது புல்லட் இல்லீங்க. சுகந்தியோட இதயம்."

"புரியுது. எனக்கும் வருத்தமாத்தான் இருக்குது. ஆனா நீ இன்னைக்கு எடுக்கற ஒவ்வொரு ரூபாயும் இங்க எட்டு ரூபாய். அதை எடுத்துட்டா நான் எங்க போவேன்? எனக்கு வேற யாரு இருக்கா?"

சுகந்தி கத்தியைக் கீழே வைத்தாள். "இங்க குடுங்க ஃபோனை. ஆம்பளைககிட்டப் பேசி என்ன ஆகப் போவுது. நான் என்கிட்டவே பேசிக்கறேன்."

"உன்கிட்டயா?"

"அங்க கிழவியா நான் இருப்பேன்ல. அவளுக்குத் தெரியும் மூச்சு வாங்குனா எப்படி இருக்கும்னு." ஃபோனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். "ஏனுங்க, நான்தானுங்க. உள்ள இருக்கறவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

பதில் உடனே வரவில்லை. அந்த இயந்திரத்துக்கு யோசிக்க நேரம் தேவையில்லை என்று யுவராஜுக்குத் தெரியும். வருத்தமான செய்திக்கு முன்னால் ஒரு மரியாதைக்காக வைத்திருக்கும் இடைவெளி அது.

"நீ போயி எட்டு வருஷம் ஆச்சு, சுகந்தி."

அவள் வெங்காயத் தோலை ஒரு பக்கமாகக் கூட்டினாள். "எப்படிப் போனேனுங்க?"

"பூவோட பொட்டோட போனே. நீ ஆசைப்பட்ட மாதிரியே."

"காரியமெல்லாம் ஒழுங்காப் பண்ணுனீங்களா?"

"ஒரு குறையும் வைக்கலை."

"அப்பச் சரி," என்று ஃபோனைப் புருஷனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் இருவரும் அவினாசி சாலையில் இருக்கும் நாளை நிதி அலுவலகத்துக்குப் போனார்கள். பெரியவர்களைப் பராமரிக்கிற பொறியாளர் ஹர்ஷினி என்கிற இளம்பெண். அவள் திரையைப் பார்த்தாள், சுகந்தியைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"நேர்காணல் அப்ப மேடமும் கூட இருந்தீங்களா?"

"ஆமாங்க. காபி குடுத்தாங்களே."

"எழுபத்தஞ்சு வயசுல சார் யாரோட இருப்பாருன்னு ஒரு கேள்வி. சார் யோசிச்சுட்டு இருந்திருக்காரு. நீங்க பதில் சொல்லியிருக்கீங்க."

சுகந்திக்கு நினைவு வந்துவிட்டது. முகம் சுருங்கியது. "அதுக்குள்ள நான் மஞ்சள் குங்குமத்தோட இவரு மடியில தலையை வெச்சுப் போய்ச் சேந்திருவேன்னு சொன்னேன். அதெல்லாம் ஒரு பேச்சுங்களா? எங்கம்மா சொல்லும், எங்கத்தை சொல்லும். கோயில்ல விளக்குப் போடற பொம்பளைக அத்தனை பேரும் அதைத்தான வேண்டறாங்க!"

"மாடலை எழுதுனவங்களுக்கு அது தெரியாதுங்க. அது வேண்டுதலைக் கேக்கலை, தகவலைக் கேட்டுச்சு. கட்டுன மனைவியே உறுதியாச் சொல்றாங்க, உடம்பைப் பத்தி ஏதோ தெரிஞ்சுதான் சொல்றாங்கன்னு அதுக்கு அதிக மதிப்புப் போட்டிருச்சு."

"இப்படி வேற யாருக்காச்சும் ஆயிருக்குதா?" என்றான் யுவராஜ்.

ஹர்ஷினி குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் கிளையில இருக்கற பெரியவர்ல பாதிக்கு மேல பொண்டாட்டி இல்லாதவங்கதான் சார். அதனாலதான் யாருமே வீட்டுல நகை எடுக்கச் சம்மதிக்கறதில்லை. கம்பெனிக்கு அதுல சந்தோஷம். எங்க ஊர்க்காரங்க ரொம்பக் கட்டுப்பாடுன்னு அவார்டு கூடக் குடுத்தாங்க."

திருத்தலாம் என்றாள். ஆனால் அந்தப் பதிலைச் சொன்னவரேதான், அவர் குரலிலேயே மாற்றிச் சொல்ல வேண்டும். நான் இருப்பேன் என்றால் போதாது. யார் முதலில் போவார் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டால் கணக்கு ஓடாது.

"அதை எப்படிங்க வாயால சொல்றது?"

"ஒரு பதில்தான் மேடம்."

"உங்களுக்குக் கல்யாணம் ஆச்சுங்களா?"

"இல்லீங்க."

"அதான்."

யுவராஜ் அவளிடம் பொறுமையாக விளக்கினான். சொல் வெறும் ஒலிதான், அதனால் யாரும் சாகப் போவதில்லை, இதைச் சொன்னால் பெரியவர் வாயிலிருந்து சம்மதம் வரும், சம்மதம் வந்தால் பணம் வரும், பணம் வந்தால் வால்வு வரும். அவன் விளக்கினால் யாருக்கும் புரிந்துவிடும். அவளுக்கும் புரிந்தது. தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சொன்னாள்:

"இவரு... எனக்கு முன்னாடி."

உடனே வெளியே போய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

புதிய பெரியவர் தயாராக ஒரு வாரம் ஆனது. அதே அலுவலகத்தில், ஹர்ஷினி முன்னிலையில் அழைத்தார்கள். குரலே மாறியிருந்தது. முன்பிருந்த வறட்சி இல்லை, கொஞ்சம் அலுப்பும் கொஞ்சம் சிரிப்பும் கலந்திருந்தன.

"சொல்லு யுவா. சுகந்தி சமையல்கட்டுல இருக்கா. பேரன் வர்றான்னு ஏதோ உருட்டிட்டு இருக்கா."

சுகந்தி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கல்லூரியில் படிக்கிற மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

"அவ ஆபரேஷனுக்குத்தானுங்க பணம் வேணும்," என்றான் யுவராஜ்.

"எந்த ஆபரேஷன்?"

"வால்வு. இதய வால்வு."

"அவ நல்லாத்தான இருக்கா யுவா. இப்பக்கூட என்னைத் திட்டுனா. திட்டறதுக்கு மூச்சு இருக்குது." பெரியவர் லேசாகச் சிரித்தார். "இங்க பாரு. முன்ன மாதிரி ஒரு வயிறு இல்லை, ரெண்டு வயிறு. எனக்கு அப்புறமும் அவ இருக்கப்போறா. நீங்களே சொன்னீங்க. இதுல இன்னைக்குக் கை வெச்சா கடைசியில தவிக்கப்போறது அவதான். அவளுக்காகத்தான் சொல்றேன், முடியாது."

யுவராஜ் ஃபோனை மேசையில் வைத்தான். "இது என்னங்க? முன்னாடி செத்துப்போயிட்டா, அதனால ஆபரேஷன் வேண்டாம்னாரு. இப்ப உசுரோட இருக்கா, அதனால ஆபரேஷன் வேண்டாங்கறாரு?"

ஹர்ஷினிக்குப் புரிந்துவிட்டிருந்தது. சொல்வதற்குத்தான் தயங்கினாள். "கணக்கு உங்க ஒருத்தர் பேர்லதான சார் இருக்கு. அதனால அது உங்க வாழ்க்கையை மட்டுந்தான் ஓட்டிப் பாக்கும். மத்தவங்க எல்லாம் நாம குடுக்கற தகவல். போயிருவாங்கன்னு குடுத்தோம், போயிட்டாங்க. இருப்பாங்கன்னு குடுத்தோம், இருக்காங்க. எதைச் செஞ்சதால இருக்காங்கன்னு அது திரும்பிப் பாக்காது."

"சிகிச்சை பண்ணுனா இருப்பா, பண்ணாட்டிப் போயிருவான்னு அதுக்குள்ள எழுத முடியாதுங்களா?"

"அப்படி ஒரு உயிரை மாறற விஷயமா வைக்கணும்னா அவங்களுக்கும் ஒரு பெரியவர் இருக்கணும் சார். மேடம் பேர்ல ஒரு கணக்கு இருந்திருந்தா, அந்தப் பெரியம்மாவே கேட்டிருப்பாங்க. இன்னைக்குத் தொடங்குனா மூணு வருஷத்துக்கு எதையும் எடுக்க முடியாது."

வீட்டுக் காசு முழுவதையும் ஒரே பேரில் போட்டது ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சின்னதுதான். எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

மேல்முறையீடு செய்தார்கள். அதற்கொரு நடுவர் மன்றம், அதற்கொரு வரிசை. அரசு மருத்துவமனையில் பெயர் பதிந்தார்கள். அங்கேயும் வரிசை.

காத்திருந்த மாதங்களில் சுகந்திக்கு ஒரு பழக்கம் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் புருஷனின் ஃபோனை எடுத்துப் பெரியவரை அழைப்பாள்.

"எனக்கு முட்டி வலிக்குதுங்களா?"

"மழைக்காலத்துல லேசா."

"மூச்சு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை."

"பாத்தீங்களா," என்று யுவராஜைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். "முடி எப்படிங்க, கொட்டிப்போச்சா?"

"கொண்டை போடற அளவுக்கு இருக்குது. ஆனா வெள்ளை."

"சாயம் அடிக்கறதில்லையா நான்?"

"சொன்னா எங்க கேக்கறே!"

அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பாள். சிரித்தால் மூச்சு வாங்கும். சுவரில் சாய்ந்து, உதடு நீலமாகி, சரியாகும்வரை கையைத் தூக்கிக் காட்டிக் காத்திருக்கச் சொல்வாள்.

அந்தப் பதில்கள் எங்கிருந்து வருகின்றன என்று யுவராஜுக்குத் தெரியும். எழுபத்து மூன்று வயதுப் பெண்களின் சராசரி முட்டி, சராசரி முடி, சராசரி மூச்சு. அதில் சுகந்தியின் வால்வு எங்கேயும் இல்லை. அவளை உட்கார வைத்து அரைமணி நேரத்தில் புரிய வைத்திருக்கலாம். பலமுறை வாயைத் திறந்தான். மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பயமில்லீங்க இப்ப," என்று சொன்ன பிறகு, திறந்த வாயை மூடிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் அந்தச் சாயங்காலங்களும் அவளுக்கு இருக்காது. தவிர, அவனும் அந்தப் பதில்களுக்குக் காது கொடுக்க ஆரம்பித்திருந்தான்.

ஆனியின் கடைசி நாட்களில் அரசு மருத்துவமனையிலிருந்து தேதி வந்தது. ஆடியில் விழுந்தது.

"ஆடியிலயா? வேண்டாங்க. ஆவணி பொறக்கட்டும், அடுத்த தேதி வாங்கிக்கலாம். நான் எங்க போகப்போறேன்? அங்கதான் கொண்டை போட்டுட்டு உக்காந்திருக்கேனே."

யுவராஜ் அவளோடு சண்டை போட்டிருக்க வேண்டும். "டாக்டரு என்ன சொல்றாருன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் விட்டுவிட்டான்.

ஆடி முடிவதற்குள் சுகந்தி இறந்துபோனாள். துணி காயப்போட மாடிக்குப் போனவள், பாதிப் படியில் உட்கார்ந்த நிலையிலேயே இருந்தாள்.

கருமாதி முடிந்து உறவினர்கள் எல்லாம் கிளம்பிப் போனார்கள். மகன் கல்லூரிக்குத் திரும்பினான். இறப்புச் சான்றிதழ் பதிவானால் அந்தத் தகவல் நாளை நிதிக்குத் தானாகவே போய்விடும். யுவராஜ் எதையும் அனுப்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு காலையில் ஃபோன் அடித்தது. வழக்கமாக அவன்தான் அழைப்பான். அன்று பெரியவர் அழைத்தார்.

குரல் மறுபடியும் வறண்டிருந்தது.

"யுவா, சாப்பிட்டியா?"

"ம்."

"மனசைத் தேத்திக்க. காலம் போனா சரியாயிரும், நான் சொல்றேன்ல." இடைவெளி. "ஒரு விஷயம் சொல்லணும். உன் கணக்குல தேவைக்கு மேல பணம் இருக்குது. எடுத்துக்கலாம். என் சம்மதம் உண்டு. ஏதாச்சும் ஆசை இருந்தா செய். ஒரு வண்டி வாங்கிக்க, எங்காச்சும் போயிட்டு வா."

"எவ்வளவு?"

பெரியவர் தொகையைச் சொன்னார். வால்வுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிறகு ஆயுள் முழுக்கத் தின்ன வேண்டிய மாத்திரைகளுக்கு எல்லாம் கொடுத்தாலும் மிஞ்சுகிற தொகை.

 கேட்காமல் இருக்க முடியாததால் யுவராஜ் கேட்டான்: "எப்படி வந்துச்சு?"

பெரியவர் விளக்கினார். அவசரப்படாமல், கேட்கிறவனுக்கு ஒவ்வொரு படியும் புரிந்ததா என்று பார்த்துப் பார்த்து, கேன்டீனில் யுவராஜ் புதியவர்களுக்குச் சொல்கிற அதே பாணியில். ஒரு சேமிப்பு எத்தனை வருடம் தாங்கும் என்பது எத்தனை பேர் அதைத் தின்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு பேருக்கு என்று ஒதுக்கியிருந்தோம். அதில் ஒருவருடைய இத்தனை வருடச் சாப்பாடு, துணி, மருந்து, விலைவாசி உயர்வோடு சேர்த்து இனி தேவையில்லை. அவர் உனக்குப் பிறகு இருந்திருக்கக்கூடிய வருடங்களும் தேவையில்லை. அதையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது இது.

"புரியுதா யுவா?"

யுவராஜ் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு அவனாகவே போட்டுப் பார்த்தான். வட்டியை மாற்றிப் போட்டான். விலைவாசியைக் கூட்டிப் போட்டான். எங்காவது ஒரு பிழை இருக்க வேண்டும் என்று மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தான்.

"என்ன, சரியா வருதா?" என்றார் பெரியவர்.

"சரியாத்தானுங்க வருது," என்றான் யுவராஜ்.